பத்து மணி நேரத் தூரம்

அவருடைய மேசையில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு பூகோள உருண்டை இருந்தது. பக்கத்தில் கறுப்பு நூல். யாராவது ஓர் ஊரின் பெயரைச் சொன்னால், நூலின் ஒரு நுனியைச் சைகோன் மேல் இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை அந்த ஊர்வரை இழுத்துப் பிடித்து, பிறகு நூலை அளவுகோலில் வைத்துப் பார்ப்பார். விடை அவருக்கு முன்பே தெரியும். நூல் எங்களுக்காக.

"பாரிஸ், பத்தாயிரத்து நூறு கிலோமீட்டர். வழியில இறங்கி ஏறுறதச் சேத்தா பதினேழு மணி நேரம்" என்பார். கேட்டவர் பயணச்சீட்டு வாங்குகிறாரா இல்லையா என்பது அவருக்கு முக்கியமில்லை.

நான் அப்போது சைகோனில் ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில் கடைநிலை நிருபர். மறுநாள் எந்த விமானம் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று ஆறாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வரும். அதற்காகத் தினமும் நான்கு மணிக்கு ஆற்றங்கரைத் தெருவிலிருந்த அவர் வேலை பார்த்த விமானக் கம்பெனிக்குப் போவேன். ஒன்பது வருடம் போனேன். அவர் காரைக்கால்காரர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்றேன். அலுவலகத்து வியட்நாமியப் பெண்கள் அவரை முசியே கிலோமீட்டர், அதாவது கிலோமீட்டர் ஐயா, என்று கூப்பிட்டார்கள். அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

வெளுத்த அரைக்கைச் சட்டை. பையில் இரண்டு பக்கமும் சீவிய பென்சில். மதியச் சாப்பாடு நீள ரொட்டிக்குள் எலுமிச்சை ஊறுகாய். அதை மேசையில் வைத்தே சாப்பிடுவார். உருண்டையின் மேல் எண்ணெய் படாமல் ஒரு கைக்குட்டையைப் போர்த்திவிடுவார்.

தூரத்தைச் சுருக்கிச் சொல்வதில் அவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பாங்காக் அவருக்கு ஊரே இல்லை, அடுத்த தெரு.

"இங்க பத்து மணிக்கு ஏறுனா அங்க பத்து இருவதுக்கு எறங்கலாம் நானா" என்று ஒருநாள் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் காரைக்கால் முஸ்லிம், பெரியவர். நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன்.

"இருவது நிமிஷமா? யாருகிட்ட அளக்குற நீ?"

"ஓட்டம் ஒரு மணி இருவது நிமிஷம். நம்ம கடியாரம் அவங்களவிட ஒரு மணி முந்தி ஓடுது. கழிச்சுப் பாருங்க."

"கப்பல்ல வாந்தியா எடுத்துக்கிட்டு வந்து எறங்குனவன் நானு. இருவது நிமிஷத்துல எங்க வூட்டுப் பொம்பளைங்க உடுப்புக்கூட மாத்த மாட்டாங்க. சரி, நீ எத்தன தடவ போயி வந்த?"

அவர் நூலைச் சுற்றினார். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். பிறகுதான் எனக்குத் தெரிந்தது: நூல் பிடிப்பவர் ஒருமுறைகூட விமானத்தில் ஏறியதில்லை. பன்னிரண்டு வயதில் மாமாவோடு கப்பலில் வந்தவர், அதன்பிறகு சைகோனைவிட்டு எங்கும் போகவில்லை. கம்பெனி ஊழியருக்கு வருடத்துக்கு ஓர் இலவசச் சீட்டு உண்டு. டிசம்பர் முடிந்தால் அது காலாவதி. அவருடையது ஒவ்வொரு டிசம்பரும் காலாவதியானது.

"எங்க போயிடப் போவுது தம்பி? மெட்ராஸ் என்ன, பத்து மணி நேரம். பாங்காக், கல்கத்தா, மெட்ராஸ். காத்திருக்கிறதயும் சேத்து."

மெட்ராஸில் இறங்கி, ரயில் பிடித்து, காரைக்கால் போய்ச் சேர்வதை அவர் அந்தப் பத்து மணி நேரத்தில் சேர்த்ததே இல்லை. அது விமானத் தூரம் அல்ல.

அவர் வீடு சோலோன் போகும் பாதையில், ஒரு சந்தின் கடைசியில். மனைவி வியட்நாமியர், பைஜாமா தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பார். தமிழ் பேசுவார், அதுவும் காரைக்கால் தமிழ். ஒரே மகள். கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது. ஐயர் வந்தார், மாலை மாற்றினார்கள், சாப்பாடு போட்டார்கள். பிரெஞ்சுத் தூதரகத்தில் பதியவில்லை. அந்தக் காலத்தில் அங்கிருந்த எத்தனையோ தமிழர்கள் செய்ததுதான். ஆனால் காரைக்கால் இந்தியாவிடம் கைமாறிய பிறகும் அவர் பிரெஞ்சுக் குடிமகனாகவே இருந்தார். அந்தக் குடியுரிமை மனைவிக்கும் மகளுக்கும் வரவேண்டுமானால் கல்யாணம் தூதரகப் பதிவேட்டில் ஏறவேண்டும். அதற்கு அவருடைய பிறப்புப் பதிவின் நகல் வேண்டும். அது காரைக்கால் மேரியில், அதாவது நகராட்சியில், இருந்தது.

இந்த விஷயத்தை எனக்குச் சொன்னது அவர் அல்ல, அவர் மனைவி. வியட்நாமியப் புத்தாண்டான தெத் பண்டிகைக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பன்றி இறைச்சிக் குழம்பும் ரசமும் ஒரே மேசையில் இருந்தன. மகளுக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

"நீங்க பத்திரிகக்காரரு. எழுதுங்க தம்பி" என்றார் அந்த அம்மாள். "பத்து மணி நேரம் போறதுக்குப் பத்து வருஷமா ஒரு ஆளு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்காரு."

"ஆரம்பிச்சிட்டியா?" என்றார் அவர்.

"எம் புள்ளைக்குப் பாப்பியேன்னு ஒரு தாளு இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவரு பிரெஞ்சு, நாங்க யாரு?"

"ஒண்ணும் ஆவாது. அப்புடியே ஆனாலும் பாங்காக் ஒரு மணி இருவது நிமிஷம். அங்க போயி உக்காந்துகிட்டு எல்லாத்தையும் பாத்துக்கலாம்."

"ஏத்துறவன் ஏத்துனாத்தான?"

அவர் சிரித்தார். தொழில் தெரியாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

ஊரிலிருந்து அந்த நகலைத் தபாலில் வாங்கியிருக்கலாமே என்று கேட்டேன். அங்கேதான் சிக்கல். அவருடைய தந்தை இறந்தபோது கம்பெனி முகவரிக்குத் தந்தி வந்தது. அன்று நான் அங்கே இருந்தேன். படித்துவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலே முக்கால் விமானம். நடுராத்திரிக்கு மெட்ராஸ்" என்றார். மேலாளரே எழுந்து வந்து, உடனே கிளம்புங்கள், இடம் தருகிறேன் என்றார். இவர் தந்தியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அதுவரைக்கும் வச்சிருக்க மாட்டாங்க. பதினாறாம் நாளுக்குப் போயிக்கிறேன். பத்து மணி நேரம்தானே." பதினாறாம் நாளுக்கும் போகவில்லை. அன்று போர்நிறுத்தக் கண்காணிப்புக்கு வந்திருந்த ஒரு கனேடிய அதிகாரிக்கு மான்ட்ரியல் வரை நூல் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு நகல் கேட்டு அண்ணனுக்கு எழுதிய எல்லாக் கடிதத்துக்கும் ஒரே பதில்: நேரில் வா, வீட்டுப் பங்குக்குக் கையெழுத்துப் போடு, அப்புறம் மேரிக்குப் போகலாம். "அவன் சொல்றதும் நாயந்தான்" என்று அவர் என்னிடம் சொன்னார். "போயிட்டு வந்துட்டா முடிஞ்சிது."

போகாததற்குக் காரணங்கள் வருடத்துக்கு ஒன்று. ஒரு வருடம் மகளுக்கு அம்மை. ஒரு வருடம் அலுவலகத்தில் ஆள் இல்லை. தெத் சமயத்தில் நகருக்குள்ளேயே சண்டை நடந்து விமான நிலையத்தை மூடிய வருடம், அதுவே காரணம். அந்த நாட்களில் கம்பெனி வாசலில் கூட்டம் நெரிந்தது. எப்போது திறப்பார்கள் என்று கேட்டவர்களிடம் அவர், "தூரம் அதேதான் மதாம், மாறல" என்று பிரெஞ்சில் பொறுமையாகச் சொன்னார். ஆறுதல் சொல்வதாகவே அவர் நினைத்தார். ஒரு பெண் அவரைக் காறித் துப்பாத குறை.

இன்னொரு பெண்ணையும் மறக்கவில்லை. நடுத்தர வயது, கிராமத்து ஆள், குச்சி என்ற ஊரிலிருந்து பேருந்தில் வந்ததாகச் சொன்னாள். மகன் வடக்கே போய்விட்டான். ஹனோய் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். வடக்கும் தெற்கும் போரில் இருந்தன; சைகோனுக்கும் ஹனோய்க்கும் சாதாரண மனிதர்கள் ஏற விமானமே கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் உருண்டையின் மேலிருந்த கைக்குட்டையை எடுத்தார். நூலைப் பிடித்தார். உருண்டையில் அது ஒரு விரல்கடை.

"ஆயிரத்து நூற்றைம்பது கிலோமீட்டர். ஒரு மணி ஐம்பது நிமிடம். எதிர்க்காற்று இருந்தால் இரண்டு மணி."

அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவர் என் பக்கம் திரும்பி, "எதிர்க்காத்தெல்லாம் யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். அன்று எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் நான்கு மணிக்குப் போய் அடுத்த நாளின் நேரங்களை எழுதிக்கொண்டேன். அவர் கொடுத்த நேரங்களில் ஒரு பிழைகூட வந்ததில்லை.

எழுபத்தைந்து ஏப்ரலில் பிழை வந்தது. அவர் சொன்ன விமானங்கள் வரவில்லை. மூன்றாம் வாரம் அவருடைய மனைவி தையலை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு நேரே வந்தார். மகள் கூடவே வந்தாள், பதினைந்து வயது. தெருவரை நீண்ட வரிசையைத் தாண்டி உள்ளே வருவதற்கு அவர்களுக்கு ஒரு மணி நேரம் ஆனது.

"பாங்காக்குக்கு மூணு பேரு" என்றார் அந்த அம்மாள், வாடிக்கையாளரைப் போல.

"சீட்டு இருக்கு. நான் போட்டுத் தர்றேன்" என்றார் அவர். "ஒனக்கும் புள்ளைக்கும் வெளியேறுற அனுமதி வேணும். பிரெஞ்சுப் பாப்பியே இருந்தா கேக்க மாட்டாங்க."

"இருந்தா."

"ஆமா."

"ஒரு மணி இருவது நிமிஷம்னீங்க."

அவர் தலை குனிந்துகொண்டார். பின்னாலிருந்த ஒரு சீன வியாபாரி, பேசியது போதும் நகரம்மா என்று வியட்நாமிய மொழியில் கத்தினான். அந்த அம்மாள் நகர்ந்தார். மாதக் கடைசியில் விமான நிலையத்தில் குண்டுகள் விழுந்தன. மறுநாளுக்கு மறுநாள் வடக்கின் படை நகருக்குள் வந்தது; எல்லாம் முடிந்தது.

புதிய அரசு நகரத்தின் கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்தது. சைகோனும் பாங்காக்கும் ஒரே நேரத்துக்கு வந்தன. அந்த வாரம் அவர் வீட்டுக்குப் போனபோது பழைய அட்டவணைகளை விரித்துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அடித்து எழுதிக்கொண்டிருந்தார். கம்பெனி மூடியிருந்தது. ஒரு விமானமும் ஓடவில்லை. "இனிமே பத்து மணிக்கு ஏறுனா பதினொண்ணு இருவதுதான் தம்பி" என்றார். அவர் மனைவி அடுப்படியிலிருந்து எங்களைப் பார்த்தார்.

பிரெஞ்சுக் குடிமக்களைப் பிரான்ஸுக்கு அனுப்பும் பட்டியலைத் தூதரகம் தயாரிக்கத் தொடங்கியது. பிரெஞ்சும் தமிழும் தெரிந்தவன் என்பதால் காரைக்கால், பாண்டிச்சேரி ஆட்களுக்கு மனு எழுதிக்கொடுக்க என்னை அங்கே உட்காரவைத்தார்கள். அவரும் வந்தார். மனைவி, மகள் பெயரையும் சேர்க்கவேண்டும் என்றார். மேசைக்குப் பின்னால் இருந்த பிரெஞ்சுக்காரன் வயதானவன், களைத்துப்போயிருந்தான். பிறப்புப் பதிவின் நகல் எங்கே என்றான்.

"காரைக்காலில் இருக்கிறது. போய் எடுக்க முடியவில்லை. பத்து மணி நேரம்…"

"ஏன் போகவேண்டும்?" என்றான் அவன். "காலனிகளின் பதிவேடு எல்லாம் இரண்டு படி. ஒரு படி எப்போதும் பிரான்ஸுக்குப் போய்விடும். இங்கே ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தால் தபாலில் வந்திருக்கும். மூன்று வாரம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்க்கவேண்டியதில்லை, அவருக்கு என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு தெரியும். ஆனாலும், "என்ன சொல்றான்?" என்று தமிழில் கேட்டார்.

"ரெண்டாவது படி பிரான்ஸ்ல இருக்காம்ணே. இங்கேருந்தே வாங்கியிருக்கலாமாம்."

அந்தத் தூதரகம் கம்பெனியில் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து நடந்து போகும் தூரம். பதினாறு வருடம் அவர் அங்கே போய் எதையும் கேட்கவில்லை. தூரத்தைப் பற்றி இன்னொருவரைக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை.

படிவம் நிரப்பினோம். ஆனால் தபால் மாதக் கணக்கில் தாமதமாகிக்கொண்டிருந்த காலம். நகல் வருவதற்கு முன் அவர் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. வியாழக்கிழமை விமானம். அவர் பெயர் மட்டும். போகாவிட்டால் அடுத்த பட்டியல் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

போக மாட்டேன் என்று அவர் சொன்னதாக ஞாபகமில்லை. போகச் சொன்னது மனைவிதான். "இங்க இருந்து என்ன பண்ணுவீங்க? அங்க போயி அந்தத் தாள வாங்கி அனுப்புங்க. அதயாச்சும் செய்யுங்க." அவர், "பதினேழு மணி நேரம். ஒரு மாசத்துல ஒங்கள வரவச்சிடுவேன்" என்றார். மகள் அவருடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். விமான நிலையத்துக்குப் பேருந்து ஏறும் இடத்துக்கு அவர்கள் இருவரும் வரவில்லை. நான்தான் போனேன். அவர் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி ஏறினார். ஜன்னல் வழியாக, "ஏறுறப்ப காது அடைக்குமாமே, நெசமா?" என்று கேட்டார். அடைக்கும், எச்சிலை விழுங்குங்கள் என்றேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு தடித்த உறை எனக்கு வந்தது. பிரெஞ்சுத் தபால்தலை ஒட்டிய கடிதம் அந்தச் சந்துக்குள் போனால் வீட்டாருக்கு வம்பு என்று என் முகவரிக்கு அனுப்பியிருந்தார். உள்ளே முத்திரை குத்திய பிறப்புப் பதிவு நகல், மூன்று படி. கல்யாணத்தை ஒப்புக்கொண்டு அவர் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி. மனைவி வட்ட அலுவலகத்தில் கணவன் பெயரைக் காட்டி, குடும்பத்தோடு சேர மனு கொடுத்தால் போதும், இங்கே எல்லாம் தயார் என்று ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் எத்தனை கிலோமீட்டர் என்றோ எத்தனை மணி நேரம் என்றோ ஒரு வரி இல்லை.

எனக்கும் பட்டியலில் பெயர் வந்திருந்தது. மறுவாரம் பயணம். உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் போனேன்.

அந்த அம்மாள் தைத்துக்கொண்டிருந்தார். இப்போது கூட்டுறவுச் சங்கத்துக்கு. காகிதங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார். முத்திரையை விரலால் தடவினார்.

"நெசமாவே அனுப்பிட்டாரு" என்றார்.

"வட்ட அலுவலகத்துல குடுத்துடுங்கக்கா. புருசன் பிரான்ஸ்ல இருக்காரு, சேரணும்னு. நான் வேணும்னா மனு எழுதித் தர்றேன்."

"குடுக்க முடியாது தம்பி."

ஏன் என்றேன். அவர் தையல் இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். வட்டத்துக் குழு வீடு வீடாக வந்து எழுதிய அட்டை. அரிசி அதைக் காட்டித்தான். வெளிநாட்டுக்காரனின் குடும்பம் என்று எழுதினால் நகரத்தில் வைக்க மாட்டார்கள். காட்டை வெட்டிக் குடியேற்றும் இடங்களுக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று சந்து முழுக்கப் பேச்சு. பக்கத்து வீட்டில் அப்படித்தான் போனார்கள். மகளின் பள்ளிக்கூடமும் போய்விடும். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அந்த அம்மாள் பெயர் இருந்தது. கணவன் என்ற இடத்தில் வியட்நாமிய மொழியில் ஒரே சொல்: இறந்துவிட்டார்.

"எப்பக்கா எழுதுனீங்க?"

"அவரு போயி நாலாம் மாசம். ஒரு மாசம்னாரு. நாலு மாசம் பாத்தேன். கேட்டாங்க, எழுதணும்ல?" குரலில் கோபம் இல்லை. "பொய்யின்னு இப்ப போயிச் சொன்னா, ஏன் பொய் சொன்னேம்பாங்க. புள்ளையையும் சேத்துல்ல புடிப்பாங்க."

"அவருகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"சேந்துதுன்னு சொல்லுங்க. கையில குடுத்தேன்னு சொல்லுங்க. பொய்யில்லல்ல?"

காகிதங்களை அவர் மடித்து உறைக்குள் வைத்து என்னிடமே நீட்டினார். வீட்டில் இருக்கக் கூடாது என்றார். நான் வாங்கிக்கொண்டேன். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். நிமிர்ந்தபோதுதான் சுவரைக் கவனித்தேன். வியட்நாமிய வீடுகளில் இறந்தவர்களுக்கு வைக்கும் மாடப் பலகையில், அந்த அம்மாளின் தாய் தந்தை படங்களுக்கு நடுவே அவருடைய படம் இருந்தது. கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கிக் கறுப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு தட்டில் இரண்டு ஆரஞ்சுப் பழம்.

"வட்டத்து ஆளுங்க வந்து வந்து பாக்குறாங்க. செத்தவரு படம் எங்கன்னு ஒரு தடவ கேட்டாங்க. அதான்" என்றார் அந்த அம்மாள். "மொதல்ல அவங்க வர்ற அன்னிக்கு மட்டும் பத்தி கொளுத்துவோம்."

அப்போது மகள் பள்ளியிலிருந்து வந்தாள். என்னைப் பார்த்து வணக்கம் சொன்னாள். என் கையிலிருந்த உறையையும் அதிலிருந்த தபால்தலையையும் பார்த்தாள். பையைக் கழற்றி வைத்தாள். முகம், கைகால் கழுவிக்கொண்டு வந்தாள். மூன்று ஊதுபத்தி எடுத்துக் கொளுத்தி, இரண்டு கையாலும் நெற்றிவரை உயர்த்திக் கண்ணை மூடினாள். அம்மா சோற்றை எடுத்துவைக்க உள்ளே போய்விட்டார். சந்தில் வட்டத்து ஆட்கள் யாரும் வரவில்லை. அவள் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது.